தங்கைக்குச் சமப் பங்கு என்கிறது சட்டம். என் மனம் ஏன் ஒப்பவில்லை?

கேள்வி: நாங்கள் விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் உயில் எழுதாமல் காலமானார். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய 90 சென்ட் ரப்பர் தோட்டமும் அதிலுள்ள வீடும் அவர் பெயரில் இருக்கின்றன. நான் மூத்தவன். தங்கைக்கு 1999ல் திருமணமாயிற்று. 40 பவுன் நகையும் இரண்டு லட்சம் ரூபாய் ரொக்கமும் ஸ்ரீதனமாகக் கொடுத்தோம். தம்பி வளைகுடாவில் வேலை செய்கிறான். தங்கை இப்போது சமப் பங்கு கேட்கிறாள். சட்டம் அவள் பக்கம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஸ்ரீதனம் வாங்கிப் போன பெண் மறுபடி பங்கு கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. ரோட்டோரப் பகுதி எனக்குத்தான் என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். கடைசி ஐந்து ஆண்டுகள் அவர் படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டதும் நான்தான். வேண்டுமானால் பின்பக்கச் சரிவில் தங்கைக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், ரோட்டோரத்தில் முடியாது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். கல்லூரியில் தத்துவம் படிக்கும் என் மகள், “நீங்கள் நியாயம் என்பதும் அத்தை நியாயம் என்பதும் இரண்டுமே வளர்ப்பில் வந்தவை, எதையும் நிரூபிக்க முடியாது” என்கிறாள். அப்படியானால் நியாயம் என்று ஒன்று இல்லையா? என் நம்பிக்கை சரியா தவறா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில் அளிப்பவர்: நாகர்கோவிலில் குடும்பச் சொத்து வழக்குகளையும் சமரசப் பேச்சுகளையும் நடத்திவரும் வழக்கறிஞர்

அன்புள்ள சகோதரருக்கு,

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் நமக்குள் சண்டை இல்லை. உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவர் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு, பிள்ளைகளுக்கு ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாகப் போகும். உங்கள் 90 சென்ட்டில் அம்மாவுக்கு 30, நீங்கள் மூவரும் தலைக்கு 20. வீட்டுக்கும் இதே விகிதம்தான். ஸ்ரீதனத்தைக் கழித்துக்கொள்ள முடியுமா என்றால் முடியாது. இறந்தவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ சொத்தையோ அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது சேர்க்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு நேரடியாகவே சொல்லிவிடுகிறது. அப்பா வாயால் சொன்னது உயில் ஆகாது. உயில் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தங்கை வழக்குப் போட்டால் ஜெயிப்பார்.

இவ்வளவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது. சட்டம் சொல்லிவிட்டதாலேயே ஒன்று நியாயம் ஆகிவிடுமா என்பதுதான் உங்கள் உறுத்தல். பிரிவினை வழக்குகளில் இந்தக் கேள்வியைக் கட்சிக்காரர்கள் பொதுவாகக் கோபத்தில் கேட்பார்கள். நீங்கள் பதில் வேண்டிக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆகிவிடாது என்பதுதான் பதில். அதற்கு நம் குமரி மாவட்டமே சாட்சி. திருவிதாங்கூர் ஆட்சியில், 1916ல், கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதற்குப் பெயரே ஸ்ரீதனம். அதை அப்பா கொடுத்துவிட்டிருந்தாலும், கொடுப்பதாக வாக்களித்திருந்தாலும், சொத்தில் அவளுக்கு வேறு பேச்சே இல்லை. விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். 1956 நவம்பர் 1ல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பழைய சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதில் நீதிபதிகளுக்கே கருத்து வேறுபாடு இருந்தது. 1970களின் முற்பகுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் அது நீங்கிவிட்டது என்றார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இல்லை, இன்னும் செல்லுபடியாகிறது என்று மாற்றிச் சொன்னது. பிறகு 1986 பிப்ரவரி 24ல், கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற பெண் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

ஆக, குழித்துறையில் ஒரு பெண் அப்பாவின் சொத்தில் சமப் பங்கு கேட்டுப் படியேறினால் 1975ல் ஒரு பதில், 1980ல் வேறு பதில், 1987ல் இன்னொரு பதில். அவள் அதே அப்பாவின் மகள், நிலமும் அதே நிலம். அவளுடைய நியாயம் தீர்ப்புக்குத் தீர்ப்பு பிறந்து இறந்து பிறந்தது என்று நம்ப என்னால் முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேரி ராய் வழக்கைப் பெண்ணுரிமையின் வெற்றி என்று எல்லோரும் கொண்டாடுகிறோம், நானும்தான். ஆனால் பழைய சட்டம் சமத்துவத்துக்கு எதிரானது என்ற அரசியல் சாசன வாதத்துக்குள் அந்தத் தீர்ப்பு போகவே இல்லை. போக அவசியமில்லை என்று ஒதுக்கிவைத்தது. 1951ல் இயற்றப்பட்ட ஒரு மத்தியச் சட்டம் திருவிதாங்கூர்ச் சட்டத்தை நீக்கிவிட்டது என்ற தொழில்நுட்பக் காரணமே அதற்குப் போதுமாக இருந்தது. மகளுக்கும் மகனுக்கும் சமமாகக் கொடுப்பது ஏன் நியாயம் என்ற கேள்வியை அந்த மன்றம் நம்மிடமே விட்டுவிட்டது. எனவே உங்கள் சந்தேகத்தைக் குற்றமாக நினைக்க வேண்டாம்.

சட்டம் போதாது என்றதும் நீங்கள் வழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறீர்கள். “எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை” என்கிறீர்கள். எந்தப் பக்கம்? உங்கள் ஊரிலிருந்து கிழக்கே தக்கலையைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் வாருங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே வெள்ளாளர் குடும்பங்களில் மருமக்கள்வழி நடந்தது. ஒருவர் இறந்தால் சொத்து பெரும்பாலும் அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். சொந்த மனைவிக்கும் மகனுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பகுதி கிடைத்தால் உண்டு. உங்களைப் போன்ற மூத்த மகன்கள் அங்கே அப்பாவின் நிலத்தை அத்தை மகன் உழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுவும் வழக்கம்தான், உங்களுடையதைவிடப் பழையது என்றுகூடச் சொல்லலாம். 1926ல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்துதான் அது மாறியது. அதற்கு முன்பே தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்த முறையை நையாண்டி செய்து ஒரு நெடும்பாடல் எழுதினார். அதில் பேசுகிறவர் பஞ்சாயத்தாரோ வக்கீலோ இல்லை. அந்த வழக்கத்தால் நடுத்தெருவுக்கு வந்த ஒரு மனைவியையே அவர் பேசவைத்தார். இதற்கு மறுபடி வருகிறேன்.

உங்கள் சமயத்துக்குள்ளேயே பாருங்கள். 1916ன் அந்தச் சட்டமே ஒரு விலக்கு வைத்திருந்தது. லத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கரில் சில பிரிவினருக்கும், குறிப்பிட்ட சில தாலுகாக்களில் வாழ்ந்த சில புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கும் மேற்சொன்ன பிரிவுகள் பொருந்தாது. காரணம், அவர்களிடையே ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. மகளுக்குச் சமப் பங்கு என்பது டெல்லியிலிருந்து வந்த புதுமை என்று உங்கள் கடிதத்தில் ஒரு தொனி இருப்பதால் இதைச் சொல்கிறேன். அதே திருவிதாங்கூரில், அதே ஜெபப் புத்தகத்தோடு, உங்கள் தாத்தா காலத்திலேயே அப்படிப் பங்கிட்டவர்கள் இருந்தார்கள்.

இப்போது உங்கள் மகளிடம் வருகிறேன். அவள் சொன்னதில் பாதி சரி. வழக்கங்கள் இப்படி ஊருக்கு ஊர் முரண்படும்போது எல்லாம் வளர்ப்புதான் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் வாய்ப்பாடும் வளர்ப்பில் வந்ததுதான். அதற்காக ஏழெட்டு ஐம்பத்தாறா என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, அது நிற்குமா என்பது வேறு கேள்வி. வளர்ப்பைக் காட்டிச் சந்தேகப்பட வேண்டிய ஓர் இடம் உண்டு. எந்த நம்பிக்கை அதை வைத்திருப்பவருக்கே லாபம் தருகிறதோ அதைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். உங்கள் நம்பிக்கை உங்களுக்கு 20 சென்ட்டுக்கு மேல் தருகிறது. தங்கையின் நம்பிக்கை அவருக்கு 20 சென்ட் தருகிறது. இரண்டும் சோதனைக்கு உரியவைதான்.

“நிரூபிக்க முடியாது” என்பதற்கும் ஒரு பதில் உண்டு. கேள்வியே இல்லாதபடி நீதியை நிரூபித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருந்தார்கள். சுசீந்திரம் கோயிலில் கைமுக்கு என்று ஒரு முறை நடந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்க்குள் கை விட வேண்டும். கை வேகாவிட்டால் நிரபராதி. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது ஒழிக்கப்பட்டது. ஐயத்துக்கே இடமில்லாத நிரூபணம் வேண்டும் என்ற ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நீதியைப் பற்றிய நம்பிக்கைக்குக் கணக்குப் போல நிரூபணம் கிடையாது. காரணம் காட்டுவது உண்டு. அந்தக் காரணம் தாங்குகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

எப்படிப் பார்ப்பது? ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1971ல் இதற்கு ஒரு முறையை விரிவாக எழுதினார். உங்கள் மகள் படித்திருப்பாள். நமக்கு உறுதியாகத் தோன்றும் தீர்ப்புகளை ஒரு பக்கம் வைக்கிறோம். அவற்றுக்குப் பின்னால் என்ன விதி இருக்கிறது என்று தேடி மறுபக்கம் எழுதுகிறோம். அந்த விதியை வேறு சம்பவங்களில் பொருத்திப் பார்க்கிறோம். பொருந்தாத இடத்தில் சில சமயம் விதியைத் திருத்துகிறோம், சில சமயம் உறுதி என்று நினைத்த தீர்ப்பையே கைவிடுகிறோம். முன்னும் பின்னுமாக இப்படிப் போய்வந்து, இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நிற்கிறோம். கடுமையான வேலை இது. கைவிடத் தயாராக இல்லாதவரால் செய்யவே முடியாது.

உங்கள் ஸ்ரீதன வாதத்தை இதில் போட்டுப் பார்க்கலாம். அதன் பின்னால் உள்ள விதி என்ன? “அப்பா உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளைக்குக் கொடுத்தது அந்தப் பிள்ளையின் பங்கிலிருந்து கழிய வேண்டும்.” கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது, நானும் இதை எடுத்தவுடன் தள்ளிவிட மாட்டேன். அப்படியானால் உங்கள் படிப்புக்குச் செலவானது? தம்பியின் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் கட்டியது? உங்கள் கல்யாணச் செலவு? உங்கள் கல்யாணத்தில் உங்கள் மனைவி வீட்டார் கொடுத்த ஸ்ரீதனம் எந்தக் கணக்கில் சேர்ந்தது, அது அப்பாவின் கடனை அடைக்கப் போனதா, நிலம் வாங்கப் போனதா? எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். தங்கைக்குக் கொடுத்தது மட்டும் கணக்கு, மகன்களுக்குக் கொடுத்தது பாசம் என்று ஒரு விதி இருக்க முடியாது. ஒரு தகப்பன் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குச் செய்ததை எல்லாம் கூட்டிக் கழித்து எந்த நீதிமன்றமும் முடிக்காது. 49ஆம் பிரிவு எதையுமே எழுதாதே என்று சொல்வதற்கு இந்த நடைமுறைச் சிக்கலே போதுமான நியாயம் என்பது என் கருத்து.

ஸ்ரீதனத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அதைப் பங்கு என்று நீங்கள் சொல்ல வேண்டுமானால் அது தங்கையின் கைக்குப் போயிருக்க வேண்டும். ரொக்கம் யார் கையில் போனது? நம் ஊரில் அது பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது, வீடு கட்டவோ நாத்தனார் கல்யாணத்துக்கோ செலவாகிவிடுகிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. யாராவது வாங்கியிருந்தால் அது அந்தப் பெண்ணுக்கே சேர வேண்டும் என்றும் சொன்னது. கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காகக் குடும்பம் செலுத்திய ஒரு தொகையை, அவள் விரும்பி வாங்கிக்கொண்ட பங்கு என்று எழுதிவைப்பது கணக்குத் தவறு. 1999ல் அவரிடம், “இந்த நகையும் பணமும் போதும், நிலத்தில் எனக்கு எதுவும் வேண்டாம்” என்று யாராவது சம்மதம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் உங்கள் கடிதத்தில் அதுதான் முதல் வரியாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உங்கள் மகளுக்கு இதே விதியை வைப்பீர்களா? கேட்கத்தான் வேண்டும், ஆனால் அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. “வைப்பேன், அவளுக்கும் ஸ்ரீதனம் கொடுத்து அனுப்புவேன், நிலம் மகனுக்கு” என்று மனச்சாட்சியோடு சொல்லும் தகப்பன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முரணே இல்லாதவர்கள். தன் நம்பிக்கைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற ஒருவர் தவறாக இருக்க முடியுமா? முடியும். இதுதான் ரால்ஸ் முறையின் மீது வைக்கப்படும் கனமான ஆட்சேபம். உங்கள் மகள் அடுத்துக் கேட்கப்போவதும் இதைத்தான்: எண்ணங்களைக் கொண்டு விதியையும் விதியைக் கொண்டு எண்ணங்களையும் சரிபார்த்தால் வட்டத்தில்தானே சுற்றுகிறோம்?

வட்டத்தை உடைப்பது வெளியிலிருந்து வரும் ஒரு குரல். அந்த விதியால் இழப்பவரின் குரல். கவிமணி அந்த மனைவியைப் பேசவைத்ததை இதற்காகத்தான் சொன்னேன். மருமக்கள்வழியை நடத்திய குடும்பத் தலைவர்களான காரணவர்களின் கணக்கு அவர்கள் வரையில் ஒத்துப்போனது. குடும்பச் சொத்து சிதறாது, சகோதரிக்குப் பாதுகாப்பு, முன்னோர் ஏற்பாடு என்று எல்லாம் பொருந்தியது. பொருந்தாத ஒரே இடம், அடுப்படியில் நின்ற அந்தப் பெண்ணின் வாழ்க்கை. அது அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. உங்கள் கணக்கில் ஏறாத சாட்சியம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் நம்பிக்கைக்கு நீங்கள் வைக்கக்கூடிய மிகக் கடுமையான சோதனை. தங்கையிடம் உங்கள் காரணங்களை, பஞ்சாயத்தார் மூலமாக இல்லாமல், நேருக்கு நேராக, அவர் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாமல் நாக்கு தடுக்குகிற காரணம் எதுவோ, அதை முதலில் சந்தேகியுங்கள்.

எனக்குத் தெரிந்து அது ரோட்டோரக் காரணமாக இருக்கும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. தோள்சீலைப் போராட்டம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1829ல் திருவிதாங்கூர் அரசு, நாடார் பெண்களுக்கு மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியும் உரிமை இல்லை என்று அறிவித்தது. அந்தப் பெண்கள் விடவில்லை. அடிபட்டார்கள், சந்தையில் ஆடை கிழிக்கப்பட்டார்கள், மறுபடியும் அணிந்தார்கள். 1859ல் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற சட்டை அணியலாம், முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் போர்த்திக்கொள்ளலாம், வேறு எப்படியும் மூடிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் கூடாது. அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். உடலை மூடுவது நியாயம் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. வாதம் தோற்றுவிட்டது. அதன் பிறகும் ஒரு வேறுபாட்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதற்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை, சொல்லவும் முடியாது.

“பின்பக்கச் சரிவில் கொடுக்கலாம், ரோட்டோரத்தில் முடியாது” என்ற உங்கள் வரியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அறிவிப்புதான். தங்கைக்குப் பங்கே கிடையாது என்று உங்களால் இனி சொல்ல முடியவில்லை. அது உங்கள் மனச்சாட்சிக்குப் பெருமை. ஆனால் ரோட்டோரத்தில் ஒரு சென்ட்டின் விலையும் சரிவில் ஒரு சென்ட்டின் விலையும் என்ன என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். சென்ட் கணக்கில் சமம், பண மதிப்பில் கால்வாசி என்றால் 1916ன் சட்டத்தைத்தான் வேறு வழியில் மறுபடி எழுதுகிறீர்கள்.

அதற்கு நம் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு மருந்து இருக்கிறது. பல குடும்பங்களில் மூத்தவர் பங்கு பிரித்து வைப்பார், இளையவர்கள் முதலில் எடுப்பார்கள். அல்லது சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். தனக்கு எது வரும் என்று தெரியாதபோதுதான் மனிதன் ஒழுங்காகப் பிரிப்பான் என்று அவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். ரால்ஸும் தன் கொள்கையை ஏறத்தாழ இதே இடத்தில் ஊன்றுகிறார்: யார் எந்த இடத்தில் பிறக்கப்போகிறோம் என்று தெரியாத நிலையில் எந்த விதிக்கு ஒப்புக்கொள்வோம் என்று கேட்கிறார். நீங்கள் கையில் வரைபடத்தை எடுத்து, ரோட்டு முகப்பையும் சரிவையும் கலந்து, வீட்டின் மதிப்பைத் தனியாகப் போட்டு, அம்மாவின் பங்கு போக மீதியை மூன்று பங்கு வையுங்கள். கடைசியில் எஞ்சுவது உங்களுக்கு. அப்போது எங்கே கோடு போடுவீர்கள்?

அப்பாவின் வார்த்தை பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. இறந்தவரின் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு, சட்டம் மதிக்காவிட்டாலும். ஆனால் நிலம் வாங்கி ஆதாரம் (பத்திரம்) பதிவு செய்த மனிதருக்குச் சார்பதிவாளர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர் எழுதவில்லை. ஒரு பிள்ளையிடம் பாசத்தில் சொன்னதை எல்லோருக்குமான ஏற்பாடாக்க அவருக்கு மனம் வரவில்லை என்றும் கொள்ளலாம். தங்கையிடமும் தம்பியிடமும் அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். சமரசப் பேச்சுகளில் ஒரே தகப்பன் மூன்று பிள்ளைகளிடம் மூன்று விதமாகச் சொன்ன கதை அடிக்கடி வெளிவரும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் வாதங்களில் உண்மையிலேயே கனமானது நீங்கள் கடைசியில், ஒரே வரியில் சொன்னது: ஐந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டது. இதைச் சட்டம் பங்கில் சேர்ப்பதில்லை. ஆனால் நியாயத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெற்றோரைப் பராமரிப்பது எல்லாப் பிள்ளைகளின் கடமை. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டமும் அதை மகன் மகள் எல்லோர் மேலும்தான் வைக்கிறது. மூவர் சுமக்க வேண்டியதை ஒருவர் சுமந்திருந்தால் மற்ற இருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். தங்கையும் தம்பியும் இதை மறுத்தால், அவர்கள் சமத்துவம் பேசுவது பங்குக்கு மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் ஒரு திருத்தம். “பார்த்துக்கொண்டதும் நான்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலையில் நீங்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்ட பிறகு அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தது யார்? கஞ்சி கொடுத்தது, துணி மாற்றியது, இரவில் கூப்பிட்டபோது எழுந்தது யார்? எனக்குத் தெரியாது, நீங்களே செய்திருக்கலாம். உங்கள் மனைவி என்றால், பராமரிப்புக்கு உரிய ஈடு அவருக்குத்தான் சேர வேண்டும். அவர் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. உழைப்பு பங்குக்கு உரிமை தரும் என்ற விதியை நீங்கள் எடுத்தால் அது உங்கள் வீட்டுக்குள்ளும் நுழையும். மருத்துவச் செலவு, மருந்து ரசீது, தம்பி அனுப்பிய பணம், தங்கை வந்து தங்கிய நாட்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் நேர்மையாக எழுதுங்கள். இதை நிலத்தில் கேட்காதீர்கள். பணமாகக் கணக்கிட்டு, பங்கு பிரித்த பிறகு, மற்ற இருவரும் உங்கள் மனைவிக்குத் தர வேண்டிய கடனாக வையுங்கள். “ஸ்ரீதனம் வாங்கினாய், உனக்கு நிலம் கிடையாது” என்று கேட்டால் தங்கை கேட்க மாட்டார். “அப்பாவுக்கு நாம் மூவரும் செய்ய வேண்டியதை இவள் செய்தாள்” என்றால் காது கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

பேச்சு நீளும் போலிருந்தால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள சமரச மையத்தையோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ நாடுங்கள். தங்கைக்கும் அம்மாவுக்கும் பெண்கள் என்ற தகுதியிலேயே இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் பார்க்கப்படாது. இதை நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள். எதை முடிவு செய்தாலும் பிரிவினை ஆதாரமாகவோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலை ஆதாரமாகவோ எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவைக்கும் யோசனையை யாராவது தந்தால் அந்த மனிதரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக அம்மா. உங்கள் கடிதத்தில் அவருக்கு ஒரு வரி, அதுவும் அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்ற தகவலாக. இந்தச் சொத்தில் மிகப் பெரிய பங்கு அவருடையது, 30 சென்ட். 1916ன் சட்டம் தந்திருக்கக்கூடிய ஆயுள்கால உரிமை போன்றதல்ல இது; விற்கலாம், எழுதிவைக்கலாம், சும்மா வைத்திருக்கலாம், முழுக்க அவர் விருப்பம். நீங்களும் தங்கையும் இவ்வளவு நாளாக வாதாடுவது அவர் பங்கையும் சேர்த்துத்தான். மருமகள் செய்ததை அவர் கண்ணால் பார்த்தவர்; தன் பங்கிலிருந்து அவளுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் உயிலாகவோ செட்டில்மென்ட்டாகவோ கொடுக்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது. மகளுக்குக் கொடுக்க நினைத்தாலும் அப்படியே. ஆனால் அந்த எண்ணத்தை நீங்கள் அவர் மனதில் வைக்கக் கூடாது. உங்கள் வீட்டில், உங்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் முன்னால் சொல்லும் சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், சமரச மையத்திலும் எடுக்க மாட்டார்கள்.

தங்கையை வரச் சொல்லுங்கள். அம்மா தங்கையோடு ஒரு நாள் தனியாகப் பேசட்டும், உங்கள் மனைவியோடு ஒரு நாள் தனியாகப் பேசட்டும், பிறகு உங்கள் குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடமும் தனியாகப் பேசட்டும். நீங்கள் அவரிடம் பேசப் போகும்போது பட்டா, வரி ரசீது எதையும் கையில் எடுத்துச் செல்லாதீர்கள். கேட்க வந்திருப்பது அவருடைய கருத்தையா கையெழுத்தையா என்ற குழப்பம் அவருக்கு வரக் கூடாது. அவர் என்ன சொன்னார் என்பதை எழுதுங்கள். அந்த மூன்று பங்கு வரைபடத்தோடு அதையும் அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.